அப்பா அம்மா ஒன்றரை ஷிப்ட், பிள்ளைகள் நாலரைக்கே வீட்டில்: திருப்பூரில் மாலை நேர மையம் தொடங்க யோசனை சொல்லுங்கள்

நொய்யல்கரை | திங்கள், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். வளர்ந்ததெல்லாம் லைன் வீட்டில்தான், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். அப்பா கட்டிங், அம்மா செக்கிங்.

எங்கள் ஊர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஒரு ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை. ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை. ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் அதையும் தாண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இரண்டு பேருமே ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள். தேனி, விருதுநகர், திண்டுக்கல் பக்கமிருந்து வந்த குடும்பங்கள். பாட்டி, சித்தி என்று பார்த்துக்கொள்ள யாரும் இங்கே இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் பூட்டைத் திறந்து தாங்களே உள்ளே போகிறார்கள்.

போன வாரம் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். மணி ஆறு. எதிர் லைனில் ஒன்பதாவது படிக்கும் பையன், யூனிஃபார்ம் மாற்றாமல் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் கம்பி வழியாக சார்ஜர் வயர் வெளியே வந்து கையிலிருக்கும் போனில் போய் முடிகிறது. மடியில் நூடுல்ஸ் பாக்கெட். வேகவைக்கவில்லை, நொறுக்கி மசாலாவைத் தூவி அப்படியே தின்றுகொண்டிருந்தான். “சாப்பிடலையாடா?” என்றேன். “அம்மா வந்துதாண்ணா சமைக்கும்” என்றான். அவன் அம்மா வரும்போது மணி ஒன்பது.

எனக்குத் தெரிந்தவரின் பழைய நிட்டிங் ஷெட் ஒன்று காலியாகக் கிடக்கிறது. அதில் எட்டாவது முதல் பிளஸ் டூ வரை ஒரு நாற்பது பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். கல்லூரி மாணவர்கள் பதினைந்து பேர் முறை வைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யோகா, பாடம், மாதம் ஒருமுறை ஒரு கவுன்சிலர். உடம்பும் மனசும் இரண்டுமே தேறவேண்டும் என்பதுதான் ஆசை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், எங்கே தவறும்?

திண்ணைவாசி | திங்கள், இரவு 11:15

நல்ல எண்ணம். ஆனால் ஒரு அப்பாவாகக் கேட்கிறேன். பத்தாவது படிக்கும் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புவேனா, விளையாடி மனம் விட்டுப் பேச அனுப்புவேனா? மார்க் வரவில்லை என்றால் நாளைக்கு அதே கம்பெனி வாசலில்தானே நிற்கவேண்டும்? அப்புறம், என் மகளை முன்பின் தெரியாத ஷெட்டுக்கு எப்படி அனுப்புவது?

வெள்ளோடு_டீச்சர் | செவ்வாய், காலை 6:05

தம்பி நொய்யல்கரை, முப்பத்து மூன்று வருடம் அரசுப் பள்ளியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் தொடப்போகிற வயது பெரிய இடைவெளி. கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது மாலை ஐந்து முதல் ஏழு வரை தன்னார்வலர்கள் பாடம் எடுத்தார்கள். என் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒரு தன்னார்வலர். ஆனால் அது எட்டாம் வகுப்பு வரைதான். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பிள்ளைக்குப் பசி அதிகமாகிற வயதில்தான் தட்டு ஒவ்வொன்றாக விலகுகிறது. பிளஸ் ஒன் பையன் காலையில் வெறும் டீ, மதியம் கேன்டீனில் ஒரு பப்ஸ் என்று ஓட்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அதனால் முதலில் சுண்டல். யோகா அப்புறம். பசியோடு வருகிற பிள்ளை எதையும் கேட்காது, கோபம் மட்டும் வரும். ஒரு கிலோ கொண்டைக்கடலையைக் காலையில் ஊறப்போட்டு, சாயங்காலம் வேகவைத்து, கடுகு கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த்துருவல் போட்டால் இருபது பேருக்குத் தாராளம். மறுநாள் தட்டைப்பயறு, அதற்கடுத்த நாள் நிலக்கடலை. கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழிந்துவிடுங்கள்.

எலுமிச்சை எதற்கென்றால், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பயறில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் ஏற புளிப்பு உதவும், டீ தடுக்கும். பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வாங்குகிற பிள்ளைகளில் எத்தனை பேர் விழுங்குகிறார்கள் என்று ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் தெரியும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால் தூக்கி எறிகிறார்கள். “சாப்பிட்டுட்டு போடு கண்ணு, ஒரு மணி நேரம் டீ வேண்டாம்” என்று சொல்ல ஒரு அக்கா இருந்தால் போதும். எப்போதும் களைத்துப்போய் மூலையில் உட்காருகிற பெண்ணைச் சோம்பேறி என்று நாங்களே திட்டியிருக்கிறோம். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டு இருக்கும்.

திண்ணைவாசி சாருக்கு: பாடமும் இருக்கட்டும். ஆனால் எட்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளையை மறுபடியும் பெஞ்சில் உட்காரவைத்தால் ஏறாது.

கபடிக்களம் | செவ்வாய், மதியம் 1:20

டீச்சரம்மா சொன்னது சரி. நான் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர். 5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பு அசையவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தாவது, பிளஸ் டூ வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். எனக்கு ஒவ்வொரு வருடமும் நடக்கிறது இது.

ஷெட்டுக்கு முன்னால் மண் தரை இருக்கிறதா? அப்படியானால் கபடியில் ஆரம்பியுங்கள். செலவு கோடு போடுகிற சுண்ணாம்பு மட்டும்தான். கண்ணகி நகரை நினைத்துப் பாருங்கள். சென்னைக்குள் இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட இடம். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கொடுக்கத் தயங்கியவர்கள் உண்டு. அங்கே மாலையில் ஆடிப் பழகிய கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் ஆடினார். எல்லாரும் பதக்கத்தைப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் எத்தனை மாலை நேரம் யாரோ ஒருவர் தவறாமல் வந்து நின்றிருக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொன்று. இந்த வயதுப் பையனை நாற்காலி போட்டு எதிரே உட்காரவைத்து “என்னப்பா பிரச்சினை, மனசு விட்டுச் சொல்லு” என்றால் வாயைத் திறக்கமாட்டான். ஆட்டம் முடிந்து பக்கத்தில் உட்கார்ந்து ஷூ லேஸ் அவிழ்க்கும்போது தானாகச் சொல்வான். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத நேரம் அது. நான் கேட்ட பெரிய விஷயங்கள் எல்லாமே மைதானத்து ஓரத்தில், தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவைதான்.

பழைய_மாணவன் | செவ்வாய், இரவு 11:50

இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இதைப் படித்ததும் எழுதவேண்டும் போலிருந்தது.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கு ஒரு அமைப்பிலிருந்து வழிகாட்டி அண்ணன்கள் வந்தார்கள். பெயர் வேண்டாம். எனக்கு ஒரு அண்ணன் ஒதுக்கப்பட்டார். புதன்கிழமைதோறும் வருவார். எங்கள் வீட்டில் அப்போது அப்பா குடி. யாரிடமும் சொன்னதில்லை. நாலாவது புதனோ ஐந்தாவதோ, வேப்பமரத்தடியில் அவரிடம் சொன்னேன். அம்மாவை அடிப்பது, நான் பாத்ரூமில் போய் நிற்பது, எல்லாம். அவர் நன்றாகத்தான் கேட்டார். தோளில் கை வைத்தார். “அடுத்த வாரம் இதைப் பத்திப் பேசலாம்” என்றார்.

அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. செமஸ்டர் முடிந்துவிட்டது என்று பிறகு வேறு யாரோ சொன்னார்கள். நான் சொன்னதைக் கேட்டுப் பயந்து போய்விட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதன்பிறகு பிளஸ் டூ முடியும்வரை எந்த ஆசிரியரிடமும் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது எனக்கு இருபத்தாறு வயது. புதன்கிழமை மதியம் ஆனால் இன்றும் அந்த மரத்தடி ஞாபகம் வரும்.

பதினைந்து பேர் முறை வைத்து வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அது மட்டும் வேண்டாம் அண்ணா.

வைகைக்கரையாள் | புதன், காலை 9:30

தம்பி, எழுதியதற்கு நன்றி. இதைச் சொல்ல எவ்வளவு தயங்கியிருப்பீர்கள் என்று தெரிகிறது. தவறு உங்களுடையது அல்ல.

நான் சமூகப்பணி படித்தவள், மதுரையில் வேலை. தம்பிக்கு நடந்ததை ஆராய்ச்சியிலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1904 முதல் ‘பிக் பிரதர்ஸ்’ என்ற இயக்கம் உண்டு. நீதிமன்றத்துக்கு வரும் சிறுவர்களைப் பார்த்து மனம் வருந்திய நியூயார்க் நீதிமன்ற எழுத்தர் ஒருவர், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று தொடங்கியது. அதை 1995-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 10 முதல் 16 வயதுள்ள 959 பிள்ளைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உடனே வழிகாட்டி, மீதிப் பேர் காத்திருப்போர் பட்டியலில். வழிகாட்டி கிடைத்தவர்கள் புதிதாகப் போதைப்பொருள் பக்கம் போவது 46 சதவீதம் குறைந்திருந்தது, குடியைத் தொடங்குவது 27 சதவீதம் குறைந்திருந்தது. அந்த அண்ணன்மார் போதை பற்றி வகுப்பு எடுத்தவர்கள் அல்லர். சேர்ந்து சாப்பிட்டார்கள், விளையாடினார்கள், பேசினார்கள், அவ்வளவுதான்.

எல்லாரும் இந்த 46-ஐ மட்டும் மேடையில் சொல்வார்கள். 2002-இல் ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் அதே தரவுகளை மறுபடி எடுத்து, யார் எவ்வளவு காலம் பழகினார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில்தான் நல்ல மாற்றம் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. அதாவது யாருமே வராமல் இருந்திருந்தால்கூட அந்தப் பிள்ளைக்குப் பரவாயில்லை.

எனவே நொய்யல்கரை, நாற்பது பிள்ளை வேண்டாம். ஒரு வருடம் வருவேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மூன்று பேர் என்றால், ஆளுக்கு ஐந்து பிள்ளைகள். அதற்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்காதீர்கள்.

நொய்யல்கரை | புதன், இரவு 10:10

தம்பி எழுதியதை மதியம் ஆபீஸில் படித்தேன். அதன்பிறகு வேலை ஓடவில்லை. கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒரு வருடம் என்றதும் பதினான்கு பேர் முடியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள்மேல் வருத்தம் இல்லை. மீதி ஒரு பெண். அப்புறம் நான், எங்கள் லைனில் சிங்கர் டெய்லராக இருந்து இப்போது வீட்டிலேயே தைக்கும் ஒரு அக்கா. மூன்று பேர் ஆயிற்று.

மனநலச்செவிலி | வியாழன், மாலை 4:45

மூன்று பேருக்கும் சில விஷயங்கள். எங்கள் வார்டில் கற்றவை.

நீங்கள் அண்ணன், அக்கா. கவுன்சிலர் அல்ல. கேட்பது உங்கள் வேலை, குணமாக்குவது அல்ல. மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே, பாதி 18 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடும். ஆனால் அந்த வயதில் அது அழுகையாக வருவதைவிட எரிச்சலாக, வயிற்றுவலியாக, தலைவலியாக வருவதுதான் அதிகம். நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையன் ஓரமாக உட்கார ஆரம்பித்தால், வெயில் காலத்தில் முழுக்கை போட்டுக்கொண்டே ஒரு பெண் வந்தால், தனக்குப் பிடித்த பொருளை யாருக்காவது தூக்கிக் கொடுத்தால், கவனியுங்கள். சந்தேகம் வந்தால் “சாகணும்னு தோணுதா?” என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டதே பெரிய ஆறுதல் என்று எங்களிடம் சொன்ன பிள்ளைகள் உண்டு. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், இரவும் பகலும் தமிழில் பேசலாம். அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. கூடவே போங்கள்.

“யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். “நீ பத்திரமா இருக்கிறதுக்கு வேணும்னா மட்டும் ஒருத்தர்கிட்ட சொல்வேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாலியல் கொடுமை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும், மறைப்பதும் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

உங்களுக்கும் விதி வேண்டும். ஒரு பிள்ளையோடு மூடிய கதவுக்குள் எந்தப் பெரியவரும் இருக்கக் கூடாது. மற்றவர் கண்ணில் படுகிற இடத்தில்தான் பேச்சு. இரவில் தனிப்பட்ட வாட்ஸ்அப் வேண்டாம். பெற்றோர் எந்த நேரமும் சொல்லாமல் உள்ளே வரலாம்.

திண்ணைவாசி | வியாழன், இரவு 9:30

கடைசி வரிதான் எனக்கு வேண்டியிருந்தது. நன்றி அம்மா.

என் மகள் இரவு பன்னிரண்டு வரை போன். பிடுங்கினால் சண்டை. பதினேழு வயதில் எட்டு மணி நேரம் தூங்கவேண்டுமாமே?

வெள்ளோடு_டீச்சர் | வெள்ளி, காலை 5:50

எட்டு முதல் பத்து மணி நேரம். அந்த வயதில் தூக்கமே கொஞ்சம் தள்ளித்தான் வரும், உடம்பின் கடிகாரம் அப்படி மாறுகிறது. அது பிள்ளையின் திமிர் அல்ல. ஆனால் லைன் வீடுகளில் போன் மட்டும் காரணம் இல்லை சார். ஒரே அறை. அம்மா ஒன்பதுக்கு வந்து, பத்துக்குக் குக்கர் வைத்து, பதினொன்றுக்குச் சாப்பாடு. அதுவரை விளக்கும் டிவியும் அணையாது. பிள்ளை எங்கே போய்த் தூங்கும்? மையத்திலேயே வீட்டுப்பாடத்தை முடித்து, ஏழரைக்கு வயிறு நிறைந்து போனால், அம்மா வருவதற்குள் கண்ணயர்ந்துவிடும். நீங்கள் உங்கள் போனையும் சேர்த்து ஹாலில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பேரனிடம் அதுதான் செல்லுபடியானது.

நொய்யல்கரை | ஐந்து மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 7:20

கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன், மன்னிக்கவும். ஓடிக்கொண்டிருந்தது.

பதினைந்து பிள்ளைகளோடு ஆரம்பித்தோம். திங்கள் முதல் வெள்ளி, ஐந்து முதல் ஏழரை. முதலில் சுண்டல், பிறகு ஒரு மணி நேரம் ஆட்டம், பிறகு பாடம். இப்போது பன்னிரண்டு பேர். ஒரு குடும்பம் சொந்த ஊருக்கே போய்விட்டது. இரண்டு பையன்கள் காலாண்டு லீவுக்குக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள், திரும்பிப் பள்ளிக்கே வரவில்லை. கையில் வாரம் தவறாமல் சம்பளம் பார்த்த பிறகு பெஞ்சில் உட்காருவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நானும் பத்தாவது லீவில் கைமடிக்க, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கப் போனவன். ஒருவனை மட்டும் வாரம் ஒரு நாள் பேக்கரியில் பார்க்கிறேன். டீ குடிக்கிறோம், பேசுகிறோம். தனித்தேர்வு பற்றிச் சொல்லிவைத்திருக்கிறேன். பதினெட்டு வயது ஆகாதவனை வைத்துக்கொண்டதற்காக அந்த யூனிட்டில் போய்ப் பேசினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பெண் பிள்ளைகள் முதல் ஒரு மாதம் ஆட வரவில்லை, சுவரோரம் நின்றார்கள். தையல் அக்கா ஒரு நாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே கோட்டுக்குள் இறங்கிப் பாடிப் போனார். ஆறு பேர் சேர்ந்து அவரை மடக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர்களுக்குத் தனி அணி. ஒரு பெண்ணுக்கு மூச்சு வாங்கியது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. டீச்சரம்மா, உங்களைத்தான் நினைத்தோம்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்த பையன் தினமும் வருகிறான். நாலு மாதம் என்னிடம் ஆட்டத்தைத் தவிர எதுவும் பேசவில்லை. போன வாரம் மழை, ஆட முடியவில்லை. இருவரும் உட்கார்ந்து கடலைத் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். தலையைத் தூக்காமல், “அண்ணா, ராத்திரியெல்லாம் நெஞ்சு படபடன்னு அடிக்குது, செத்துருவேனோன்னு பயமா இருக்கு, அம்மா அலுத்து வருது, சொல்லல” என்றான். நான் உரிப்பதை நிறுத்தவில்லை. எத்தனை நாளாக, எப்போதெல்லாம் என்று மட்டும் கேட்டேன். சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் கேட்டேன். இல்லை, பயம்தான் என்றான். அவனிடம் சொல்லிவிட்டு அவன் அம்மாவிடம் பேசினேன். அந்த அம்மா சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, மூன்று பேரும் தலைமை மருத்துவமனைக்குப் போனோம். இதயத்தில் ஒன்றும் இல்லை, பதற்றம் என்றார்கள். மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். போவோம்.

கல்லூரிப் பெண்ணுக்கு மார்ச்சில் படிப்பு முடிகிறது. இப்போதே தன் ஐந்து பிள்ளைகளிடமும் தேதியைச் சொல்லிவிட்டாள். அடுத்து வரப்போகிற அக்கா ஜனவரியிலிருந்தே கூட உட்காரப் போகிறார்.

பழைய_மாணவன் | ஞாயிறு, இரவு 11:05

தேதியைச் சொல்லிவிட்டாள் என்பதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

நான் இப்போது கோவையில் இருக்கிறேன். வரவேண்டும் என்று ஆசைதான். ஆனால் என் வேலையில் ஒரு வருடம் என்று உறுதி சொல்ல முடியாது, எப்போது வேண்டுமானாலும் ஊர் மாற்றுவார்கள். அதனால் பிள்ளைகளோடு பழக வரமாட்டேன். வாரத்தில் ஒரு நாள் சுண்டல் செலவு என்னுடையதாக இருக்கட்டும். அது நான் எங்கிருந்தாலும் தவறாது. புதன்கிழமை கிடைக்குமா அண்ணா?

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 11:20

புதன்கிழமை தட்டைப்பயறு, தம்பி. உன் பெயரில் எழுதிவிட்டேன்.